ஓட்டு மேல் சாய்ந்த கொப்பை இறக்குவது எப்படி

ஆவணி பிறந்துவிட்டால் மரம் கழிக்கும் ஆட்களுக்குப் போன் ஓயாது. பெரும்பாலும் ஒரே வேலைதான். வேம்போ தூங்குமூஞ்சியோ, ஒரு கொப்பு ஓட்டு வீட்டின் மேல் நீண்டிருக்கும். அதன் கீழே சர்வீஸ் வயர், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் காம்பவுண்டு. வெட்டவெளியில் நிற்கும் மரத்தை அடியோடு சாய்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓடு உடைவதும் ஆள் விழுவதும் இந்தக் கொப்பு வேலையில்தான். இதில் வெட்டு கால் பங்கு, கயிறு முக்கால் பங்கு. அந்த விகிதத்தில்தான் கீழே சொல்லியிருக்கிறது.

ஏறுமுன் பார்க்க வேண்டியது

மரத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். அடிமரத்தில் காளான் பூத்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மண் விரிந்து வேர் மேலே தூக்கியிருக்கிறதா? அரிவாளின் முதுகால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல மரம் கெட்டியான சத்தம் கொடுக்கும், பொந்து விழுந்த இடம் காலிப் பானை போல ஒலிக்கும். பொந்து இருந்தால் அதில் ஏறிக் கயிறு கட்டுகிற வேலையே கிடையாது. ஏணி வண்டியோ கிரேனோ வரவழைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து மேலே பாருங்கள். கதண்டுக் கூடோ மலைத்தேனீ அடையோ இருந்தால் அன்றைக்கு ஏறக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அகற்றிக் கொடுப்பார்கள். நாமே பந்தம் கொளுத்திப் புகை போட்டு, பாதி ஏறிய ஆளைக் கொட்டவிட்டுக் குதிக்க வைப்பதைவிட ஒரு நாள் கூலி போவது மேல்.

மரத்தின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். முருங்கை, நாவல், மயில்கொன்றை மூன்றும் சொல்லாமல் முறியும், அந்தக் கொப்புகளில் காலை நம்பி வைக்கக்கூடாது. புங்கனும் வேம்பும் வளைந்து கொடுக்கும், ஆனால் பட்டுப்போன கொப்பு வேம்பிலும் ஒடிந்துதான் விழும். தூங்குமூஞ்சி கிடைவாட்டில் நீண்டு வளர்கிற மரம், அதன் கொப்பு கண்ணுக்குத் தெரிவதைவிட எப்போதும் கனமாகத்தான் இருக்கும்.

கரண்ட்

சர்வீஸ் வயர் கொப்பைத் தொட்டாலும் சரி, கொப்பு விழும்போது தொட வாய்ப்பிருந்தாலும் சரி, மின்வாரியத்துக்குச் சொல்லி எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்யக் கொடுக்கும் அனுமதி) வாங்காமல் ஏறாதீர்கள். மின்னகம் எண் 94987 94987. “நானே ஃப்யூஸைப் பிடுங்கிவிடுகிறேன்” என்று வீட்டுக்காரர் சொல்வதை ஏற்கவே வேண்டாம். வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினால் வீட்டுக்குள் மட்டும்தான் கரண்ட் நின்றுபோகும். கம்பத்திலிருந்து வீடு வரை வருகிற சர்வீஸ் வயரில் கரண்ட் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஹெச்.டி. லைன் (உயர் அழுத்த மின்கம்பி) போனால் அதில் ஓடுவது 11 அல்லது 22 கிலோவோல்ட். தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும்.

ஈர மரம் கரண்டைக் கடத்தும். அலுமினியத் தொரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வயர் இருக்கிற வீட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். மூங்கில் தொரட்டியும் காய்ந்திருக்கும்வரைதான் பாதுகாப்பு. லைன்மேன் வந்து லைனை நிறுத்தி, எர்த் போட்டுவிட்டு “ஏறலாம்” என்று நேரில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் போதாது. தெருவில் யார் வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடினால் அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்கு வர வாய்ப்பு உண்டு, அதையும் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

எடையைக் கணக்குப் பண்ணாமல் கயிறு கட்டக்கூடாது

பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீர் எடைதான். மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 6 அங்குலம் விட்டமுள்ள கொப்பு ஓர் அடிக்கு 5 கிலோ, 8 அங்குலம் 10 கிலோ, 12 அங்குலம் 20 முதல் 22 கிலோ. விட்டம் இரட்டித்தால் எடை நாலு மடங்கு. பழகாத ஆள் சறுக்குவது இங்கேதான். 6 அங்குலத்தில் ஆறடித் துண்டை ஒரு கையால் இறக்கியவர், 12 அங்குலத்தில் அதே ஆறடியை வெட்டினால் 130 கிலோ கயிற்றில் தொங்கும். இலையும் மிலாறும் (சிறு குச்சிக் கிளைகளும்) சேர்ந்தால் இன்னும் கூடும்.

கயிற்றுக்கு 16 மி.மீ. நைலான் நல்லது. அறுபடும் எடை என்று கடையில் சொல்வதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முடிச்சு போட்டாலே பலம் கணிசமாகக் குறையும். தவிர, விழுந்து வெடுக்கென்று நிற்கிற 70 கிலோ, கயிற்றில் பல மடங்காக இழுக்கும். பந்தல்காரர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கயிறு விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது வெயிலில் நைந்து போகும், மரத்தில் உரசி ஓடும்போது சூட்டில் உருகும். பொருள் இறக்கும் கயிறு வேறு, ஆள் தொங்கும் கயிறு வேறு. ஒன்றை மற்றதற்கு மாற்றிப் பயன்படுத்தவே கூடாது, நிறத்தை மாற்றி வாங்கினால் குழப்பமும் வராது.

ஆள் கயிறு தலைக்கு மேலே, குறைந்தது 4 அங்குலப் பருமனுள்ள பச்சைக் கவையில் போக வேண்டும். ஏறுமுன் கீழிருந்து இரண்டு பேர் அதில் தொங்கிப் பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் கட்டி விழுந்தவர் முதுகெலும்பை முறித்துக்கொள்வார், தொடை வரை வருகிற ஹார்னஸ்தான் வேண்டும். வெட்டுகிற நேரத்தில் இரண்டாவது கயிறு ஒன்று அடிமரத்தைச் சுற்றி இருக்கட்டும். வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று தாங்கும். மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே கட்டாயம் இருக்க வேண்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்கு ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், 108 வரும்வரை காத்திருக்க முடியாது.

இறக்கும் முறை

முதலில் ஓட்டின் மேல் தென்னை ஓலை, அதன் மேல் நெல் சாக்கு விரியுங்கள். ஓட்டில் கால் வைக்க வேண்டாம். நுனியிலிருக்கும் மிலாறுகளைத் தொரட்டியில் கட்டிய வாளால் சின்னச் சின்னதாக அறுத்து ஓலையில் விழவிடலாம். இலை போனதும் கொப்பின் எடையில் நல்ல பங்கு குறைந்திருக்கும், கொப்பு கொஞ்சம் மேலே எழும்பவும் செய்யும்.

இனி கயிற்றை எங்கே கட்டுவது? அடிப்பக்கம் கட்டினால் வெட்டியதும் நுனி முதலில் தாழ்ந்து நேராக ஓட்டைக் குத்தும். ஓட்டு மேல் இருக்கும் கொப்புக்கு நடுவைத் தாண்டி நுனிப்பக்கம், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிக் கட்ட வேண்டும். நெகிழாத கண்ணி போட்டு, மறுமுனையை அதற்குள் நுழைத்துச் சுருக்காக இறுக்குங்கள். சுருக்குக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு மடிச்சுற்றும் வேண்டும், இல்லாவிட்டால் பட்டை உரிந்து கயிறு வழுக்கும். அந்தக் கயிறு கொப்புக்கு நல்ல மேலே, அடிமரத்தை ஒட்டிய கவை வழியாகக் கீழே வர வேண்டும். கப்பி இருந்தால் கவையில் தனி நாடா கட்டி மாட்டுங்கள், கயிறும் தேயாது, மரத்தின் பட்டையும் சிராய்க்காது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. வெட்டுப்பட்ட கொப்பு, கயிறு போகிற கவைக்கு நேர் கீழே வந்து தொங்கத்தான் பார்க்கும். அதாவது அதன் அடி, வெட்டுகிற ஆள் இருக்கும் பக்கம் வேகமாக ஆடி வரும். அதனால் அடிப்பக்கம் இன்னொரு கயிறு கட்டி, கீழே ஒருவர் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வெட்டுகிறவர் அடிமரத்தின் மறுபக்கம், வெட்டுக்கு மேலே நிற்க வேண்டும். வெட்டுக்குக் கீழே ஒருபோதும் நிற்கக்கூடாது.

கீழே முக்கியக் கயிற்றைப் பிடிப்பவர்தான் இந்த வேலையில் பெரிய ஆள். மேலே ஏறத் தெரியாத புதுப் பையனிடம் கயிற்றைக் கொடுப்பது பரவலான தப்பு. கயிற்றை வேறொரு மரத்தின் அடியிலோ அதே மரத்தின் அடியிலோ சுற்ற வேண்டும். 20 கிலோ வரை ஒரு சுற்று, 50 கிலோவுக்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று. வழவழப்பான மரமாக இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். சுற்று குறைந்தால் கயிறு உருவிக்கொண்டு ஓடி உள்ளங்கையை உரித்துவிடும். சுற்று மிஞ்சினால் கயிறு நகராமல் கொப்பு வெடுக்கென்று நின்று கவையையே முறிக்கும். பிடிப்பவர் இரண்டு மூன்றடி ஓடவிட்டு மெதுவாக இறுக்கி நிறுத்த வேண்டும். தோல் கையுறை போடுங்கள். கையில் சுற்றிக்கொள்வது கூடவே கூடாது. மிச்சக் கயிறு காலடியில் வளையமாகக் கிடக்கக் கூடாது. கயிறு ஓடும்போது அந்த வளையத்துக்குள் கால் இருந்தால் ஆளையே மேலே தூக்கிவிடும்.

வெட்டு

மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கத்தில் கால் பங்கு ஆழம் வரை அறுங்கள். வாள் இறுக ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். அதற்கு ஓர் அங்குலம் நுனிப்பக்கம் தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு. கீழ் வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கொப்பு முறிந்து விழும்போது அடிமரத்துப் பட்டையை ஒரு கஜம் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போகும். அந்தக் காயம் எளிதில் மூடாது.

மூன்றாவது, மிஞ்சிய கட்டையை எடுப்பது. இதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கொப்பு அடிமரத்தில் சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். மேல்பக்கத்தில் பட்டை சுருங்கிக் கறுத்த வரி ஒன்று தெரியும். அந்தத் தடிப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். மரம் காயத்தை மூடுவது அந்தத் தடிப்பிலிருந்துதான். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு சமமாக இழைத்தால் தடிப்பும் போய்விடும், காயம் இரண்டு மடங்கு பெரிதாகும். பிடித்து ஏறத் தோதாக ஒரு முழம் விட்டு வைத்தால் அந்தக் கட்டை பட்டுப்போய், அதன் வழியே அழுகல் உள்ளே இறங்கும். சரியாக வெட்டியிருந்தால் அடுத்த ஆண்டு காயத்தைச் சுற்றி வளையம் போலப் பட்டை உருண்டு வரும்.

தாரும் பெயின்ட்டும் பூசச் சொல்லி வீட்டுக்காரர் கேட்பார். பூசினால் அழுகல் நிற்காது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்துக் காட்டிய விஷயம் இது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளேயே சுவர் எழுப்பி அடைக்கிறது. அந்தச் சுவரை வெளியே பூசும் பூச்சு கட்டித் தராது.

ஒரே தடவையில் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். “மொட்டையடித்துவிடுங்கள், அஞ்சு வருசத்துக்குத் தொல்லை இல்லை” என்பார்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக எழும்பும் போத்துகள் (புதுத் துளிர்க் கிளைகள்) பட்டையோரத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால், தடித்ததும் காற்றில் பிய்ந்து விழும். வீட்டுப் பக்கம் மட்டும் கழித்து மறுபக்கத்தை விட்டாலும் மரம் ஒருசாய்ந்து நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடிமரம் வரை சிமென்ட் போட்டு வேரை அறுத்திருந்தால் மேலே எவ்வளவு கழித்தாலும் பயனில்லை.

மெஷின்

மரத்தின் மேல் இருக்கும்போது முடிந்தவரை கைவாள். பவர் சா எடுத்தே ஆக வேண்டுமென்றால் சின்னதாக எடுங்கள், ஹார்னஸில் கட்டித் தொங்கவிடுங்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்க வேண்டாம். ஏணியில் நின்றும் அறுக்க வேண்டாம். பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற தகடு, அதன் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும்.

பெட்ரோலில் சேர்க்கும் 2டி ஆயில் கலவை மெஷினுக்கு மெஷின் மாறும், மூடியில் போட்டிருக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. செயினுக்குப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றினால் துகள் பம்பை அடைக்கும், பார் சூடாகி நீலம் பாயும். சீவல் சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காதீர்கள், நிறுத்தி ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் வெட்டு வளைந்து போகும்.

பேச்சு, அனுமதி, காசு

விறகு யாருக்கு என்று பேசாமல் வேலையைத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். வேப்பங்கட்டை நல்ல விலை போகும், மிலாறை யாரும் தொட மாட்டார்கள். அதை அள்ளிப்போகிற டாடா ஏஸ் வாடகை யாருடையது, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, எல்.சி. கிடைக்காமல் நாள் தள்ளினால் அன்றைய கூலி உண்டா, இந்த நாலையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தால் போதும். ஓலை விரிக்குமுன் ஓட்டைப் படம் எடுத்து வையுங்கள், பழைய விரிசலெல்லாம் நம் தலையில் விழாது.

தெருவோர மரம் வீட்டுக்குள் சாய்ந்திருந்தாலும் அது மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம், மனுக் கொடுத்துத்தான் தொட வேண்டும். சந்தனம் என்றால் பட்டா நிலத்திலும் வனத்துறை அனுமதி வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

ஏறுகிறவர்கள் எல்லாரும் வங்கிக் கணக்கில் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டு வையுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் பாலிசி நின்றுபோனவர்கள் நிறையப் பேர், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கயிற்றை ஒரு முழம் ஒரு முழமாகக் கையில் உருவிப் பாருங்கள். எங்காவது விறைத்திருந்தாலோ, பளபளவென்று உருகிய தடம் இருந்தாலோ அந்த இடத்தில் வெட்டி இரண்டாக்கிவிடுங்கள். மரப்பால் பட்ட கயிற்றைச் சுத்தத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் வெட்டிய இடத்தைச் சுற்றிப் போத்து வெடித்திருக்கும். பென்சில் தடிமன் ஆவதற்குள் கட்டை விரலால் தள்ளி ஒடித்துவிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு அரிவாளும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.