மலமென்தே: முதலில் கையால் கேளுங்கள்

ஸ்பெயின் பாடகி ரோசாலியாவின் ‘மலமென்தே’ பாட்டை யாருக்காவது அனுப்பினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. “நல்லா இருக்கு, ஆனா இதுல ஃபிளமெங்கோ எங்க இருக்கு?” நியாயமான கேள்வி. ஃபிளமெங்கோ என்றால் கிட்டாரும் உரத்த குரலும் நிறைந்த தெற்கு ஸ்பெயின் இசை மரபு. இங்கே கிட்டார் முன்னால் வந்து நிற்கவில்லை. பாடுகிறவர் தொண்டை கிழியக் கதறவில்லை, காதோரம் பேசுவதுபோலப் பாடுகிறார். அடியில் கனமான பாஸ் ஒலிக்கிறது.

நான் பத்து வருடம் மிருதங்கம் படித்தவன். எனக்கு இந்தப் பாட்டு காது வழியாக அல்ல, கை வழியாகத்தான் பிடிபட்டது. நான் போன அதே வழியைச் சொல்கிறேன். ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

முதலில் திரையை அணைத்துவிடுங்கள். வீடியோவைப் பார்த்தபடி கேட்டால் கண் ஜெயித்துவிடும். இயர்ஃபோன் போட்டுக்கொண்டு பாட்டில் கைதட்டல்களை மட்டும் தேடுங்கள். அதற்குப் ‘பால்மாஸ்’ என்று பெயர். கச்சேரிக்கு வந்தவர்கள் உற்சாகத்தில் தட்டுவது அல்ல இது. ஃபிளமெங்கோவில் கைதட்டல் ஒரு வாத்தியம், அதை வாசிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கலைஞர்கள் உண்டு. பால்மாஸில் இரண்டு வகை. இரு உள்ளங்கைகளையும் குழித்துத் தட்டினால் ‘தொம்’ என்று மூடிய ஒலி வரும், அது ‘சோர்தாஸ்’. ஒரு கையின் விரல்களை இன்னொரு உள்ளங்கையில் சுளீரென்று அடித்தால் அது ‘கிளாராஸ்’. பாடகர் மெல்லப் பாடும்போது சோர்தாஸ், பாட்டு சூடேறும்போது கிளாராஸ். இரண்டையும் ஐந்து நிமிடம் தட்டிப் பழகுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிக்கும் வலப்பக்க வலந்தலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையிலேயே வந்துவிடும்.

அப்புறம் பாட்டோடு சேர்ந்து தட்டுங்கள். ‘மலமென்தே’யை நான்காக எண்ணினால் கால் எங்கும் தடுக்காது. எண்ணிக்கையை வாயால் சொல்லாமல் காலுக்குக் கொடுங்கள். பாதம் தரையில் விழும் இடத்தைக் கையால் தொடாமல், இரண்டு அடிகளுக்கு நடுவில் தட்டிப் பாருங்கள். இதற்கு ‘கோன்த்ரா’ என்று பெயர். ஒருவர் நேர்த்தட்டு போட, பக்கத்தில் இருப்பவர் கோன்த்ரா போட, இரண்டும் பின்னிக்கொள்ளும். தனியாகச் செய்தால் முதலில் கை காலைப் பின்தொடர்ந்து ஓடிவிடும். விடாதீர்கள்; பத்தாவது முறை கை தன் இடத்தில் நிலைத்துவிடும். அது நிலைத்த நொடியில் பாட்டு வேறு மாதிரிக் கேட்கும்.

சரி, இனி பன்னிரண்டு. ‘மலமென்தே’ மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் ஃபிளமெங்கோவின் இதயத்தைத் தொடாமல் திரும்புகிறீர்கள். சொலேயா, புலேரியாஸ் போன்ற வடிவங்கள் பன்னிரண்டு அட்சரச் சுழற்சியில் நடக்கின்றன. அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில். ஆமாம், புலேரியாஸில் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பன்னிரண்டில்தான் தொடங்குவார்கள். முதன்முதலில் படித்தபோது எனக்கும் தலை சுற்றியது. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. அட, இது தகிட தகிட தக தக தக! சொற்கட்டாகச் சொன்ன மறுகணம் உடம்பு புரிந்துகொண்டது. நீங்களும் எண்களை விட்டுவிட்டு இதையே சொல்லித் தட்டுங்கள். முதலில் மெதுவாக, சொலேயாவின் நடையில்; பிறகு விரட்டி, புலேரியாஸின் நடையில். ‘மலமென்தே’ இடம்பெற்ற ‘எல் மால் கெரேர்’ தொகுப்பின் இரண்டாவது பாட்டான ‘கெ நோ சால்கா லா லூனா’வைப் போட்டுத் தட்டினால் கை தானாகப் போய் உட்காரும்.

சுருதி பற்றியும் கொஞ்சம். ஃபிளமெங்கோவின் அடையாளமான ஸ்வர வரிசை மேற்கத்தியர் ஃபிரிஜியன் என்று சொல்வது. நம் கணக்கில் தோடி ராகத்தின் ஸ்வரங்கள், காந்தாரம் சாதாரண காந்தாரம். ஆனால் முடிவில் வந்து நிற்கும் கிட்டார் கார்டில் அந்தர காந்தாரம் இருக்கும், அதாவது வகுளாபரண ராகத்தின் சாயல். இரண்டு காந்தாரமும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. சுத்த ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அந்தக் கடைசி அரைப்படியில்தான் அந்த இசையின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். ராகம் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. கமகம் வேறு, போக்கு வேறு.

இதற்குப் பிறகுதான் வீடியோ. பாட்டு 2018 மே 30 அன்று வந்தது. இசையை ரோசாலியாவோடு சேர்ந்து உருவாக்கியவர் எல் கின்ச்சோ. வீடியோவை எடுத்தது பார்சிலோனாவின் ‘கனடா’ நிறுவனம், இயக்கியவர் நிக்கோலாஸ் மெந்தேஸ். முதல் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சியில் யாருக்கோ ஏதோ நேரப் போகிறது என்று வயிறு இறுகுகிறதோ, அந்த இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘எல் மால் கெரேர்’ தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் ஓர் அத்தியாயம். 13ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் எழுதப்பட்ட ‘ஃபிளமெங்கா’ என்ற காதல் கதையிலிருந்து ரோசாலியா எடுத்துக்கொண்ட கரு அது. பொறாமை பிடித்த கணவன் மனைவியைக் கோபுரத்தில் அடைத்துவைக்கும் கதை. பார்சிலோனாவில் இசைப் பட்டப்படிப்பை முடிக்கும்போது அவர் செய்த வேலை இப்படித் தொகுப்பாக வளர்ந்தது. அதில் ‘மலமென்தே’ முதல் அத்தியாயம், பெயர் ‘சகுனம்’. தலைப்புக்கே ‘மோசமாக’ என்றுதான் பொருள். கண்ணாடி கீழே விழும் முன்பே அது நொறுங்கப் போவதை உணர்ந்தேன் என்றுதான் பாட்டு தொடங்குகிறது. ஆக, வீடியோவில் வருவதெல்லாம் சகுனங்கள்.

ஒருவர் காளைச் சண்டைத் துணியை விரித்து நிற்கிறார்; எதிரே வருவது காளை அல்ல, மோட்டார் சைக்கிள். கூம்பு முக்காடு போட்ட ஒருவர் ஆணிகள் பதித்த ஸ்கேட்போர்டில் போகிறார். அந்த முக்காடு ஸ்பெயினின் செவியா முதலிய ஊர்களில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வார ஊர்வலங்களில் ‘நசரேனோ’ என்னும் பக்தர்கள் அணிவது. பாவத்துக்குப் பரிகாரமாகச் சிலர் அதில் வெறுங்காலோடு நடப்பார்கள். அந்தப் பரிகாரத்தைத்தான் வீடியோ சக்கரத்தின் மேல் ஏற்றியிருக்கிறது. சுற்றிலும் மாளிகையோ மேடையோ இல்லை. தொழிற்பேட்டை, லாரி, விளையாட்டு உடுப்பு. பார்சிலோனாவுக்கு வெளியே, லாரிகள் போய்வரும் தொழிற்பகுதியில் வளர்ந்த ரோசாலியாவின் கண் இது. சுற்றுலா அட்டையில் வரும் ஸ்பெயினை விட இது எனக்கு உண்மையாகப் படுகிறது.

இரண்டாவது முறை ஒலியோடு பாருங்கள், கையும் தட்டுங்கள். இடையிடையே ‘த்ரா, த்ரா’ என்றும் வேறு விதமாகவும் குரல்கள் வந்து விழும். இது ‘ஹலேயோ’ என்ற பழக்கத்திலிருந்து வந்தது. பாடுகிறவருக்கு உடனிருப்பவர்கள் கொடுக்கும் ஊக்கம், நாம் ‘பலே’, ‘ஆஹா’ என்பது போல. ஸ்டூடியோவில் அந்தக் கூட்டத்தையே ஒரு தாளக்கருவியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தவிர்க்காமல் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிளமெங்கோ தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில், பெரும்பங்கு ஹித்தானோ எனப்படும் ஸ்பெயின் ரோமா மக்களின் குடும்பங்களில் வளர்ந்தது. 1749இல் அரசாணையின் பேரில் ஆயிரக்கணக்கில் கைது செய்யப்பட்ட மக்கள் அவர்கள். ரோசாலியா பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவின் பெண், ஹித்தானோ அல்ல. அவர்களின் பேச்சையும் அடையாளங்களையும் அவர் எடுத்துக்கொண்டார் என்ற வருத்தம் அந்தச் சமூகத்திலிருந்தே எழுந்தது. அவர் பல வருடம் முறையாகப் பாடம் கேட்டவர், அது குரலில் தெரிகிறது. அந்த வருத்தமும் சரியானதே. அதே பாட்டை வீட்டிலேயே கற்ற எத்தனையோ பேருக்கு இந்த மேடை கிடைக்கவில்லை. நான் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

அதனால் பாட்டோடு நிற்காமல் பின்னால் போங்கள். ஹித்தானோ பாடகர் கமரோன் தெ லா இஸ்லா 1979இல் ‘லா லெயெந்தா தெல் தியெம்போ’வில் எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் கொண்டுவந்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஃபிளமெங்கோ பாடகர் என்ரிகே மொரெந்தே 1996இல் ‘ஒமேகா’வுக்காக ஒரு ராக் குழுவோடு சேர்ந்தார். முதலில் கமரோன், அடுத்த நாள் மொரெந்தே, மூன்றாம் நாள் மறுபடி ‘மலமென்தே’. ஒவ்வொரு முறையும் திரையை அணைத்துவிட்டு, முதலில் கையைக் குழித்துச் சோர்தாஸில் தொடங்குங்கள்.