கிராமத்துக் குழந்தையின் பயத்தைப் படமாக்கும்போது செய்யும் தவறுகள்

திகில் படம் என்றதுமே பலர் இருட்டைத் தேடிப் போகிறார்கள். பாழடைந்த வீடு, அமாவாசை இரவு, திடுக்கென்று அலறும் இசை. இதுதான் முதல் தவறு. ஃபிலிப் ரிட்லி 1990-இல் எடுத்த 'தி ரிஃப்ளெக்டிங் ஸ்கின்' படத்தைப் பாருங்கள். 1950களின் அமெரிக்க ஐடஹோ கிராமத்தில் நடக்கும் கதை. கொளுத்தும் வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சள் கோதுமை வயல். அந்த வெட்டவெளியில் ஒரு கறுப்புக் கார் மெதுவாக வந்து நிற்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் பெரியவர்களின் அறிவால் விளக்கிவிடுவது. நல்ல கதைகள் இங்கேதான் வீணாகின்றன. அதே படத்தில் சேத் என்ற சிறுவன், தனியாக வாழும் ஒரு விதவையை ரத்தக்காட்டேரி என்றே நம்புகிறான். பசிபிக்கில் அணுகுண்டு சோதனைகளுக்கு நடுவே ராணுவத்தில் இருந்த அண்ணன் ஊர் திரும்பி அவளைக் காதலிக்கிறான். அண்ணனுக்கு முடி கொட்டுகிறது, உடம்பு இளைக்கிறது. கதிர்வீச்சு என்று நமக்குப் புரிகிறது. சேத்துக்கோ, அவள் ரத்தம் குடிக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு டாக்டர் வந்து நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நொடியே பயம் செத்திருக்கும். அந்தத் தப்புக்கணக்கு சேத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

குழந்தையை வெறும் அப்பாவியாகக் காட்டவும் வேண்டாம். சேத் நமக்கு அறிமுகமாவதே, நண்பர்களோடு ஒரு தவளையை ஊதிப் பெருக்க வைத்து வெடிக்கச் செய்யும்போதுதான்.

அப்புறம், படப்பிடிப்பில் குழந்தையை நிஜமாகவே மிரட்டி நடிப்பு வாங்குவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விக்தோர் எரிசேயின் 'தி ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்' (1973) முழுமையான திகில் படம் அல்ல, ஆனாலும் இந்த விஷயத்தில் அதுவே பாடம். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், 1940. ஒரு ஸ்பானியக் கிராமத்துக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற அரக்கன் படம் வருகிறது. அதைப் பார்த்த சிறுமி, அந்த அரக்கன் பக்கத்தில் எங்கோ இருக்கிறான் என்று நம்பத் தொடங்குகிறாள். நடித்த ஆனா டோரெண்டுக்கு வேறு பெயரில் கூப்பிட்டால் குழம்பியது. அதனால் பாத்திரத்துக்கும் ஆனா என்றே பெயர் வைத்தார் எரிசே. திரையில் அரக்கன் தோன்றும் காட்சியை அவள் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருக்க, கேமரா அந்த முகத்தைப் பிடித்தது. விரிந்த கண்களோடு அவள் தன்னையறியாமல் முன்னால் சாய்கிறாள்.