புரபோசல் எழுதக் கற்றுக்கொள்கிறீர்களா? பட்ஜெட்டில் ஆரம்பியுங்கள்

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, நிதி கேட்டுப் புரபோசல் எழுதும் வேலையைப் பிடித்துக்கொண்டு, தலைமைப் பொறுப்புவரை போக முடியுமா என்று கேட்பவர்களுக்காக இது. முடியும், நான் வந்த வழியும் அதுதான். நடுவில் ஓரிடத்தில் நன்றாக அடிபட்டேன், அங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாக நிற்கப்போகிறேன். நிறுவனத்தைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்குத் தொடங்குவது எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: யாரிடம் கேட்பது?

நிதி தரும் அமைப்பின் 'எங்கள் நோக்கம்' பக்கத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. கொடுத்த தொகைகள் அதில் வரிவரியாக இருக்கும். உங்களுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் யாருக்குமே கொடுத்ததில்லை என்றால், அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

படி 2: லாக்ஃப்ரேம்

திட்டத்தின் வேலையையும் அதன் பலனையும் காட்டும் நாலுக்கு நாலு கட்டம் இது. 1969 வாக்கில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக உருவானது, இன்றும் பல இடங்களில் கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கீழிருந்து மேலே படித்தால் புரிந்துவிடும்: இந்த வேலையைச் செய்தால் இது கிடைக்கும், இது கிடைத்தால் அந்த மாற்றம் நடக்கும். 120 பேருக்குத் தையல் பயிற்சி கொடுத்தோம் என்பது வெளியீடு. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்பது விளைவு. வெளியீட்டை விளைவுக்கான கட்டத்தில் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

படி 3: பட்ஜெட்

எனக்குக் கிடைத்த முதல் பெரிய நிதிக்கு விளக்கப் பகுதியை மூன்று வாரம் இழைத்து இழைத்து எழுதினேன். பட்ஜெட்டைப் போட்டது கடைசி நாள் ராத்திரி. விளக்கத்தில் மூன்று பயிற்றுநர்கள், பட்ஜெட்டில் இரண்டு பேருக்குத்தான் சம்பளம். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று நானாகவே ஐந்து சதவீதம் போட்டேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பணம் வந்துவிட்டது. சிக்கலே அதுதான். நான்காம் மாதம் கணக்காளர் வாடகை ரசீதை என் மேசையில் வைத்து, "இதை எந்தத் தலைப்பில் எழுதட்டும்?" என்றார். அந்தத் திட்டத்துக்கென வந்த பணத்தைப் பட்ஜெட்டில் இல்லாத செலவுக்குத் தொட முடியாது. மூன்றாவது பயிற்றுநரின் சம்பளமும் வாடகையும் ஆடிட் கட்டணமும் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து போயின. நிதி கிடைத்ததாலேயே நஷ்டம்!

இப்போது இப்படிச் செய்கிறேன். விளக்கத்தில் ஒரு வார்த்தை எழுதும் முன்பே கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: யார், எத்தனை நாள், என்ன பொருள், எத்தனை. எழுதி முடித்ததும் விளக்கத்தை அச்செடுத்து, பேனாவால் ஒவ்வொரு ஆளையும் பொருளையும் வட்டமிட்டு பட்ஜெட்டில் தேடுகிறேன். பட்ஜெட்டில் இருந்தும் விளக்கத்தில் இல்லாததையும் அப்படியே. இதற்கென விற்கும் மென்பொருள்கள் இரண்டைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன், ஆரம்பக்காரருக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பொதுச் செலவு, அதாவது மேலே சொன்ன நிர்வாகச் செலவு. வாடகை, மின்சாரம், ஆடிட், கணக்காளர் எல்லாவற்றையும் கூட்டி, ஆட்களின் நேரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் முழுநேர ஊழியர்கள் பத்துப் பேர். இந்தத் திட்டத்தில் மூன்று பேர் முழு நேரம், இரண்டு பேர் பாதி நேரம் என்றால் நான்கு பேர் கணக்கு. ஆக, பொதுச் செலவில் 40 சதவீதம் இந்தத் திட்டத்தின் பங்கு. எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட்டில் கேட்பார்கள்.

நிதி தருபவர் உச்சவரம்பு வைத்திருந்தால் மீறாதீர்கள். அப்போதும் பற்றாக்குறை வந்தால், அதை எங்கிருந்து ஈடுகட்டுவது என்று தெரியாமல் விண்ணப்பிக்காதீர்கள். கூச்சப்பட்டு நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அமெரிக்க அரசின் நிதியை வாங்கும் அமைப்புகளில், பொதுச் செலவுக்கென அரசோடு பேசித் தீர்மானித்த விகிதம் இல்லாதவை, திட்டத்துக்கென்றே ஆகும் நேரடிச் செலவின் மேல் (சில செலவுகள் நீங்கலாக) எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச் செலவின் வரம்பை அந்த அரசே 2024 அக்டோபரில் பத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது.

சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் கணக்காளரின் சம்பளத்தை நேரடிச் செலவிலும் போட்டு, பொதுச் செலவிலும் விட்டுவைத்திருக்கிறார். ஒரே செலவை இரண்டு முறை கேட்பதாகிவிடும். ஏதாவது ஓரிடத்தில் மட்டும்.

படி 4: எழுத்திலிருந்து தலைமைக்கு

பட்ஜெட் போடுபவருக்கு நிறுவனத்தின் எல்லா அறைகளும் திறக்கும். எந்தத் திட்டம் தன் செலவைத் தாங்குகிறது, எது மற்றவற்றைத் தின்கிறது என்று இயக்குநருக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை திட்டமிட்டதையும் செலவானதையும் ஒரே பக்கத்தில் போட்டு நிர்வாகக் குழுவுக்கு நீங்களே விளக்க அனுமதி கேளுங்கள். நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். நிதிதிரட்டுவோருக்கான சிஎஃப்ஆர்இ, புரபோசல் எழுதுவோருக்கான ஜிபிசி போன்ற சான்றிதழ்களுக்கு அனுபவத்தைக் காட்ட வேண்டும், முதல் ஆண்டிலேயே அவற்றின் பின்னால் ஓடாதீர்கள்.

சேர்க்கை 2: "கிடைக்கும் நிதியில் பத்து சதவீதம் உங்களுக்கு" என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, ஒத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். நிதிதிரட்டுவோர் சங்கமான ஏஎஃப்பி, புரபோசல் எழுதுவோர் சங்கமான ஜிபிஏ, இரண்டின் நெறிமுறைகளும் சதவீதக் கூலியை ஏற்பதில்லை. எழுதும் நேரத்துக்கோ முழு வேலைக்கோ ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.