சுகர் பார்க்க வருகிறவரின் மனதையும் பார்க்க: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல சிகிச்சையைத் தொடங்கும் வழி

அந்த அம்மா மஞ்சப்பையைத் திறந்து பழைய ஓ.பி. சீட்டுகளை மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்கு மாதத்தில் ஏழு சீட்டு. உடம்பு வலி, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல், மறுபடி உடம்பு வலி. ஏழு தடவையும் பி-காம்ப்ளெக்ஸ், பாரசிட்டமால், இரண்டு தடவை ஊசி. அதில் நான்கு சீட்டு என் கையெழுத்தில் இருந்தது. எட்டாவது தடவையாக வந்த அன்றைக்குத்தான் "தூக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியவர், மகன் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது என்று சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

கிராமத்து ஓ.பி.யில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் வரும், உடம்பு வலியாக, அசதியாக, எரிச்சலாக. "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் வரிசையில் நிற்பதில்லை. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கவில்லை. சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள் என்பது கணக்கு. அதில் பெரியவர்களை மட்டும் எடுத்தாலும் உங்கள் எல்லைக்குள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் ஒருவர் அத்தனை பேரையும் பார்க்க முடியாது. ஆனால் அவர்களில் பாதிப் பேராவது சுகர் மாத்திரைக்கோ, குழந்தைக்குத் தடுப்பூசி போடவோ, முதுகு வலிக்கோ உங்களிடம்தான் வந்துகொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். மனநலத்துக்கென்று தனி அறை, தனி நாள், தனிப் பலகை வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிற வரிசைக்குள் அதை நுழையுங்கள். "மனநலப் பிரிவு" என்று பலகை மாட்டினால் அந்தக் கதவுக்குள் போகிறவரை அடுத்த நாளே டீக்கடையில் பேசுவார்கள். பி.பி. பார்க்கிற மேஜையில் கேட்டால் அது பி.பி. பார்ப்பதோடு சேர்ந்துவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளிடம்தான். என்.சி.டி. எனப்படும் தொற்றா நோய்ப் பிரிவின் நர்ஸ் பி.பி. கருவியின் பட்டையைக் கட்டிக் காற்றை இறக்கி முடித்ததும் இரண்டே கேள்வி கேட்கட்டும். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் நாட்டம் இல்லாமல், எதைச் செய்தாலும் பிடிப்பு இல்லாமல் இருந்ததா? மனசு பாரமாக, சோர்வாக, இனி என்ன இருக்கிறது என்பது போல இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால், முழு ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ. என்று உலகமெங்கும் பயன்படுகிற கேள்வித்தாள்தான் இது. அச்சடித்த தமிழை அப்படியே வாசிக்காதீர்கள், "ஆர்வமின்மை" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "முன்ன மாதிரி சீரியல் பார்க்க, பேரப்பிள்ளையைக் கொஞ்ச தோணுதா?" என்று கேட்டால் பதில் வரும். நர்ஸை உங்கள் ஊர்ப் பேச்சில் அந்தக் கேள்விகளைச் சொல்லச் சொல்லி, அதையே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி. இந்த இரண்டு நாளையும் விடக்கூடாது. பிரசவமாகி ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வருகிற பெண்ணிடம் "குழந்தை நல்லா பால் குடிக்குதா" என்று கேட்கிறோம், "நீ சாப்பிடுறியா, தூங்குறியா, அழுகை வருதா" என்று கேட்பதில்லை. கூட மாமியார் நின்றால் அவள் வாயே திறக்க மாட்டாள். "எடை பார்க்கணும், குழந்தையைக் கொஞ்சம் வாங்கிக்கங்க பாட்டி" என்று சொல்லி மாமியாரை எடை மேஜைப் பக்கம் அனுப்பிவிட்டு, அந்த மூன்று நிமிஷத்தில் கேட்க வேண்டும்.

அடுத்தது இடம். வசதியான நிலையங்களில்கூட ஒருவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச இடம் இருக்காது. எங்களிடம் இருந்தது லேப் அறை. பன்னிரண்டரை மணிக்கு மேல் லேப் டெக்னீஷியனுக்கு வேலை குறைந்துவிடும், அந்த அறையை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினோம். வெளியே நிற்கிறவர்களுக்கு அது ரத்தப் பரிசோதனை அறைதான். உண்மையிலேயே அங்கே ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். மனச்சோர்வு என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எகிறியிருப்பது, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகள், இவற்றைப் பார்த்துவிடுங்கள். 7 கிராம் ஹீமோகுளோபினோடு வயல் வேலைக்குப் போகிற பெண் சோர்ந்துதான் இருப்பாள், அவளுக்கு முதலில் வேண்டியது ரத்தம் ஊறுவதற்கான சிகிச்சை.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்ததா என்கிற கேள்வி அது. பல நர்ஸ்கள் அதை வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுவார்கள், கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆகாது. நேராகக் கேட்பதால் யாரும் சாவதில்லை, பல பேருக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதல். ஆம் என்றால் நிற்காமல் மேலே கேளுங்கள்: எப்படி என்று யோசித்தீர்களா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே இருக்கிறது, முன்பு ஒரு தடவை முயற்சி செய்தது உண்டா? திட்டம் இருக்கிறது, பூச்சிமருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வீட்டு ஆள் ஒருவரை வரவழைத்து, 108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு. அவ்வளவு அவசரம் இல்லை, எண்ணம் மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே வீட்டில் இருக்கிற பூச்சிமருந்து டப்பாவை வெளியேற்றச் சொல்லுங்கள், கிராம சுகாதார செவிலியர் அடுத்த நாளே போய்ப் பார்க்கட்டும்.

பூச்சிமருந்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செத்துவிடலாம் என்கிற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக் கூடியது, அந்த நேரத்தில் கையில் எது கிடைக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் கிராமங்களில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா ஒரு வேலை செய்தது. மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் வைக்க ஏற்பாடு, விவசாயிக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. உங்கள் ஊரில் கிடங்கு கட்ட முடியாமல் போகலாம், ஆனால் டப்பாவைப் பூட்டி வைக்கச் சொல்லவோ, வேண்டிய அன்று மட்டும் வாங்கச் சொல்லவோ முடியும்.

முயற்சி செய்து பிழைத்தவர் என்றால் குடும்பம் போலீஸுக்குப் பயந்து மறைக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைச் சொல்லிக் கொடுங்கள். வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது அது.

இனி சிகிச்சை. லேசான மனச்சோர்வுக்கு உடனே மாத்திரை தேவையில்லை, பேசுவதும் பின்தொடர்வதுமே பெரும் பகுதி. கோவாவில் நடந்த மானஸ் ஆய்வு 2010-இல் வெளியானது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள், நோயாளிகள் தேறினார்கள். ஆகவே "எங்களிடம் கவுன்சலர் இல்லையே" என்று தள்ளிப்போட வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவர் ஒவ்வொரு வேலையாக விட்டுக்கொண்டே வருவார், விட விடச் சோர்வு கூடும். அதைத் திருப்ப வேண்டும். அந்த அம்மாவிடம், நாளைக்கு ஒரே ஒரு காரியம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மகன் போன பிறகு வாசலில் கோலம் போடவே இல்லை என்றார். சரி, கோலம் வேண்டாம், காலையில் வாசல் தெளிக்க மட்டும் முடியுமா? இரண்டு வாரம் அதுதான் அவருக்கு மருந்துச்சீட்டு. பிறகு நூறு நாள் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போவது. இப்படிச் சின்னச் சின்னதாக, அவரே தேர்ந்தெடுத்ததாக, எந்த நாள் எந்த நேரம் என்று குறித்ததாக இருக்க வேண்டும். "கவலைப்படாதீங்க, தைரியமா இருங்க" என்று சொல்வது இதில் சேராது, அதை அவர் ஊரில் எல்லோரிடமும் கேட்டு அலுத்துத்தான் வந்திருக்கிறார்.

மாத்திரை தேவைப்படுகிற அளவுக்கு இருந்தால் மருத்துவ அலுவலரே தொடங்கலாம். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்ஸெடின் 20 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு. தொடங்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்துத் திரிந்தது உண்டா? உண்டு என்றால் அது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனைக் கோளாறாக இருக்கலாம், இந்த மாத்திரை அதைக் கிளப்பிவிடும், மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. இன்னொன்று, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறவர்களுக்கு இதோடு சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும், நம் ஓ.பி.யில் டைக்ளோஃபெனாக் சாப்பிடாதவர் யார்? தூக்கம் வரவில்லை என்றதும் டயஸெபாம், அல்ப்ரஸோலாம் எழுதிக் கொடுக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, மனச்சோர்வுக்கு அது மருந்தல்ல, பழகினால் விடுவது கஷ்டம். இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் கொடுத்தால், தற்கொலை எண்ணம் இருந்தவருக்கு ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகத் தராதீர்கள். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும்.

மாத்திரை கொடுக்கும்போது சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள். முதல் வாரம் குமட்டலும் தலைவலியும் வரலாம். மனசு தேறுவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறியதும் நிறுத்தக்கூடாது, நன்றாக ஆன பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாவது நாள் "சாப்பிட்டும் ஒண்ணும் கேக்கல" என்று மாத்திரை கூரையில் செருகப்பட்டுவிடும்.

குடி. அதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசாமல் பி.பி. கூடியிருப்பதன் காரணமாகப் பேசினால் ஆண்கள் காது கொடுப்பார்கள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கணக்காகக் கேளுங்கள், குவார்ட்டர் கணக்கில்தான் பதில் வரும். தினமும் காலையிலேயே கை நடுங்கிக் குடிக்கிறவரை "இன்னையோட நிறுத்து" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை அனுமதித்துத்தான் நிறுத்த வைக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போட மறக்கக்கூடாது.

தனியாகப் பேசுவது, ஊரே சதி செய்கிறது என்பது, வீட்டை விட்டுத் திரிவது போன்ற கடுமையான நோய்களை ஆரம்ப நிலையத்தில் முதலில் சமாளிக்க வேண்டியதில்லை, மனநல மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் அவர் மருந்தை நிலைநிறுத்திய பிறகு மாதாமாதம் அதே மாத்திரையை வாங்க மாவட்டத் தலைநகருக்கு அலைய விடாதீர்கள். நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் செலவு, இரண்டு பேர் கூலி, ஒரு நாள் முழுக்க. மூன்றாவது மாதம் போக மாட்டார்கள், நோய் திரும்பும். ரிஸ்பெரிடோன், ஓலன்ஸபைன் போன்றவற்றை உங்கள் இன்டென்டில், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியலில், சேர்த்து இங்கேயே கொடுங்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கிற லித்தியம், குளோஸபைன் மட்டும் மாவட்ட மருத்துவமனையிலேயே இருக்கட்டும்.

கோவிலுக்கோ தர்காவுக்கோ மந்திரிக்கப் போகிறவர்களைத் திட்டி அனுப்புகிற டாக்டரிடம் அந்தக் குடும்பம் மறுபடி வராது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை மறக்க முடியாது. சங்கிலியை எந்த நிலையிலும் ஏற்கக்கூடாது. ஆனால் தாயத்தும் மாத்திரையும் ஒரே உடம்பில் இருக்கலாம். அதே ஏர்வாடியில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. "சாமி கும்பிடுங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்றால் போதும்.

இத்தனையும் செய்தாலும் எல்லாம் ஒரு நீள நோட்டில்தான் நிற்கும். பெயர், செல் நம்பர், ஒன்பது கேள்விகளில் வந்த முதல் மதிப்பெண், அடுத்து வர வேண்டிய தேதி. அவ்வளவுதான். அந்த நோட்டுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. பலர் பொறுப்பு என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வராதவர்களைப் பட்டியல் எடுத்து அவரே போன் செய்ய வேண்டும். போன் எடுக்காதவரின் பெயர் கிராம சுகாதார செவிலியருக்குப் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறார்கள், அவர்களிடமும் சொல்லலாம், ஆனால் நோயின் பெயரைச் சொல்லாமல், "டாக்டர் வரச் சொன்னாங்க" என்று மட்டும். அந்த நோட்டைப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள், ஊசி போடுகிற மேஜையில் கிடந்தால் வரிசையில் நிற்கிற எல்லோரும் படிப்பார்கள். ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கையால் எழுதிக் கொடுங்கள், இரவு இரண்டு மணிக்கு நிலையம் பூட்டியிருக்கும்போது அதற்கு அழைக்கலாம்.

மாவட்ட மனநல மருத்துவரோடு மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் அந்த நோட்டை வைத்துப் பேச நேரம் கேட்டு வாங்குங்கள், நேரில் முடியாவிட்டால் போனில். எல்லோரைப் பற்றியும் வேண்டாம், எட்டு வாரமாகியும் மதிப்பெண் பாதியாகக் குறையாதவர்கள் யார் யார் என்று மட்டும் பார்த்து, அவர்களுக்கு மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, அங்கே அனுப்புவதா என்று முடிவெடுங்கள். முதல் மாதம் பத்துப் பெயர் இருந்தால் போதும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் மதிப்பெண் 17. பன்னிரண்டாவது வாரம் 6. அந்த வாரம் வந்தபோது மஞ்சப்பையில் பழைய சீட்டுகள் இல்லை, இரண்டு சுரைக்காய் இருந்தது, ஒன்றை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார்.