ஈடிபஸ் என்று சொன்னதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்

வர்ஜீனியா உல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலின் முதல் பக்கங்களிலேயே ஆறு வயது ஜேம்ஸ், கையில் ஒரு கோடரி இருந்தால் அப்பாவைக் கொன்றுவிடலாமே என்று நினைக்கிறான். நாளை கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம் என்கிறாள் அம்மா. வானிலை சரியாக இருக்காது என்கிறார் அப்பா. கொஞ்சம் ஆழ்மன உளவியல் படித்தவர்களுக்கு உடனே 'ஈடிபஸ்' என்று தோன்றும்; தாய்மேல் ஆசை, தந்தைமேல் பகை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டு சொன்ன சிக்கல் அது. தோன்றட்டும், அதில் தவறில்லை. அத்தோடு வாசிப்பை முடித்துக்கொள்வதுதான் தவறு. என் முதல் வாசிப்பு அங்கேதான் நின்றது.

பத்து வருடம் கழித்து, படகில், தான் கொல்ல நினைத்தது எதிரே புத்தகம் படிக்கும் இந்தக் கிழவரை அல்ல என்று ஜேம்ஸுக்குப் புரிகிறது. அவருக்கே தெரியாமல் அவர்மேல் வந்து இறங்கும் ஏதோ ஒன்றைத்தான் அவன் வெறுத்திருக்கிறான். கடைசியில், படகை நன்றாகச் செலுத்தினாய் என்று அப்பா சொல்லும்போது, அவன் இவ்வளவு நாள் ஏங்கியது இதற்குத்தான் என்று அக்கா கேம் கண்டுகொள்கிறாள். முதல் பக்கத்தில் முத்திரை குத்தியவர் இதையெல்லாம் தவறவிடுவார்.

அடுத்த தவறு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அர்த்தம் என்று வைத்துக்கொள்ளும் குறியீட்டு அகராதி. கலங்கரை விளக்கம் என்றால் ஆண்குறி என்று எழுதிவிடுவது சுலபம். அதற்குத் தான் எந்த அர்த்தமும் வைக்கவில்லை என்று கலை விமர்சகரான நண்பர் ரோஜர் ஃப்ரைக்கு எழுதிய கடிதத்தில் உல்ஃப் சொல்கிறார். சிறுவயதில் மூடுபனிக்குள் மஞ்சள் கண்ணாகத் தெரிந்தது, கிட்டப் போனால் பாறையில் துணி காயும் வெறும் கோபுரம். இரண்டுமே அதுதான் என்கிறது ஜேம்ஸின் மனம். உளவியலாளர் யுங்கின் வழியில் வருபவர்கள் ஜேம்ஸின் அம்மா திருமதி ராம்சேயைப் 'பேரன்னை' என்ற ஆழ்படிமமாக, அதாவது மனித மனங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் உருவமாக, ஆக்கிவிடுகிறார்கள். தனியாக உட்கார்ந்து காலுறை பின்னும்போது, யார் கண்ணுக்கும் படாத ஓர் இருட்டு ஆப்பாகத் தன்னை உணர்கிறாளே, அவள் எங்கே போனாள்?

ஆசிரியரை நோயாளியாக்குவதும் வேண்டாம். உல்ஃபின் தாய் 1895-இல், மகளுக்குப் பதின்மூன்று வயதில் இறந்தார். இந்த நாவலை எழுதிய பிறகே தாயின் பிடியிலிருந்து தான் விடுபட்டதாகவும், உளப்பகுப்பாய்வாளர்கள் செய்வதைத் தனக்குத் தானே செய்துகொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். பிராய்டை அவர் ஊன்றிப் படிக்கத் தொடங்கியதோ 1939-இல்தான். ஆகவே இதைக் கோட்பாட்டுக்குக் கதை கட்டிய நாவலாகப் படிக்க முடியாது.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. பாத்திரங்களின் மனத்தைத் தோண்டுகிறோம், வாக்கியங்களைப் பார்ப்பதில்லை. திருமதி ராம்சேயின் மரணம் நடுப்பகுதியில் சதுர அடைப்புக்குறிக்குள், ஒரு துணைவாக்கியமாக வருகிறது. கணவர் கைகளை நீட்டுகிறார்; முந்தின இரவே அவள் இறந்துவிட்டதால் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. அவ்வளவுதான். அழ இடமே இல்லை; நாவல் மறுபடி காலி வீட்டுக்கும் தூசிக்கும் போய்விடுகிறது. அங்கே அடக்கப்பட்ட துக்கம் மூன்றாம் பகுதியில்தான் வெளியே வருகிறது. புல்வெளியில் தன் ஓவியத்தின் முன் நிற்கும் குடும்ப நண்பர் லிலி பிரிஸ்கோ, ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்து "திருமதி ராம்சே!" என்று வாய்விட்டு அழைக்கிறாள்.