பட்டி கடைசியில்தான்: பழைய காருக்கு வீட்டில் டிங்கரிங் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் அம்பாசிடரின் கதவுக்கு அடியில் தட்டிக்கொண்டே வந்தேன். நீளவாக்கில் ஓடும் பெட்டி அது, சில் என்பார்கள். முன்சக்கரத்துப் பக்கம் டங் டங் என்றது. நடுவில் வந்ததும் டொக். இன்னொரு தட்டு தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பப் பூசும் பூச்சு) பெயர்ந்து விழுந்தது. பின்னால் தகரமே இல்லை. சுருட்டித் திணித்த செய்தித்தாள்தான் இருந்தது. ஈரம் குடித்துக் கறுத்திருந்தாலும் ‘மணமகள் தேவை’ பக்கம் என்பது தெரிந்தது.

1983-ல் வாங்கிய மார்க் 4 அது. மாமாவிடமிருந்து எனக்கு வந்தது. பாளையங்கோட்டை வீட்டில் வேப்பமரத்தடியில் பல வருஷம் சும்மாவே நின்றது. அந்தத் தாளைத் திணித்தவர் யாரோ, எந்தப் பட்டறையோ, தெரியாது. அவரைத் திட்டும் யோக்கியதையும் எனக்கு இல்லை. வண்டி கைக்கு வந்த முதல் கோடையில் பின் மட்கார்டு ஓட்டையை நானும் பட்டி வைத்துத்தான் அடைத்தேன். தாள் மட்டும் திணிக்கவில்லை. ஐப்பசி மழை முடிவதற்குள் அந்த இடம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது.

வண்ணார்பேட்டைப் பக்கம் பல வருஷமாக டிங்கரிங் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “சொத்தப் பல்ல அடைக்கதுக்கு முன்னால சொரண்டணும்லா தம்பி. நீ அப்படியே மூடி வச்சிருக்க. உள்ள அது தின்னுக்கிட்டுதான இருக்கும்?” என்றார்.

வீட்டில் பழைய காரை வைத்துக்கொண்டு கை துறுதுறுக்கும் ஆட்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருபவை. கண்ணில் படும் பெயின்டிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். தண்ணீர் எங்கே புகுந்து எங்கே தங்குகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அப்புறம் தகரம், அதற்கப்புறம்தான் பட்டி.

அடைக்கக் கூடாத ஓட்டைகள்

கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழைத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது குறை இல்லை. வெளியே போவதற்கென்றே கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். சில்லுக்கும் உண்டு, டிக்கித் தரைக்கும் உண்டு. சருகும் வேப்பங்கொட்டையும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, பெயின்ட் அடிக்கும்போது ‘என்ன இது ஓட்டை’ என்று நாமே பட்டி வைத்து மூடிவிடுவோம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் காரணம் இதுதான். ஒரு சைக்கிள் கம்பி போதும், குத்தி எடுத்துவிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சீட்டையும் தரைவிரிப்பையும் காயவைத்ததோடு பலர் விட்டுவிட்டார்கள். பெட்டிப் பகுதிகளுக்குள் படிந்த மாவு போன்ற வண்டல் அங்கேயே இருக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹோஸை உள்ளே விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, வெயிலில் நாலைந்து நாள் போட்டபிறகுதான் மற்ற வேலை.

இன்னொரு பழக்கம், வண்டியின் அடிப்பக்கத் துருவின் மேலேயே கறுப்பு அன்டர்கோட்டை அடிப்பது. அல்லது தார். பார்க்கப் புதுசு போல இருக்கும். ஆனால் ஈரம் தாருக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் ஓடும் வண்டி என்றால் ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும். தட்டிப் பார்த்தால் தார் ஒரு தோலாக உரிந்து வரும், அதன் உட்பக்கத்தில் துருப்பொடி ஒட்டியிருக்கும்.

துருவைக் கறுப்பாக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவங்கள் மேல்துருவுக்கு நல்லதுதான். ஏடு ஏடாக உரியும் துருவுக்கும் ஓட்டைக்கும் அதனால் பயனில்லை. சுத்தமான தகரம் தெரியும்வரை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால்

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டம் இருந்தது, அதில் பாடியைக் கழற்றி வைத்துக்கூட வேலை பார்க்கலாம். அம்பாசிடரில் சில்லை வெட்டினால் முதுகெலும்பை வெட்டின மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, நடுவில் ஜாக்கி கொடுத்து நிறுத்தினால் இரண்டு முனையும் தொங்கி வண்டி வில் மாதிரி வளைந்துவிடும். வெல்டிங் முடித்தபிறகு கதவு மூடாது.

ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து முட்டுக் கொடுங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை ஐந்தாறு இடத்தில் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். தகரத்தை அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்ததும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். முழு வெல்டிங் அதற்குப் பிறகு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வேண்டும், செங்கல் அடுக்கு ஸ்டாண்டு ஆகாது.

ஒட்டுப்போட 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகரம்) வாங்குங்கள், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனம். கூரைக்குப் போடும் ஜி.ஐ. தகரம் துருப்பிடிக்காதே என்று அதை வாங்கிவருகிறவர்கள் உண்டு. அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்து படுக்க வேண்டியதுதான்.

கேட் வேலைக்கு வைத்திருக்கும் ராடு வெல்டிங் மெஷின் இந்தக் கனத்துக்கு முரடு, வைத்த இடமெல்லாம் ஓட்டையாகும். கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி சரியாக இருக்கும். அதிலும் ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலை வரை கோடு இழுத்துவிடாதீர்கள். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மாறி மாறி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பிறகு நடுவில். அவசரப்பட்டால் தகரம் அலை அலையாகச் சுருங்கும், அந்த அலையை மறைக்கத் திரும்பவும் பட்டிக்கே போய் நிற்போம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கமென்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள். நீங்கள் வெல்டு வைக்கும் தகரத்துக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். பெரும்பாலும் தரைவிரிப்போ, ஃபெல்ட்டோ, வயரோ இருக்கும்.

ஒடுக்கெடுப்பது

பாத்திரத்துக்கு ஒடுக்கெடுக்க வருகிறவர் முன்பெல்லாம் எங்கள் தெருவில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். குடத்தின் பள்ளத்தில் நடுவில் ஓங்கி ஒரு போடு போடமாட்டார். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருவார். கார் தகரத்துக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

ஒடுக்கு விழும்போது நடுவில் பள்ளம் மட்டும் விழுவதில்லை. சுற்றிலும் வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பும். பள்ளத்தைப் பூட்டி வைத்திருப்பது அந்த வரப்புதான். அடிபட்டபோது கடைசியாக உண்டானதை முதலில் பிரிக்க வேண்டும். டாலியை (பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) பள்ளத்தின் பின்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் வெளியே வரப்பைத் தட்டினால் வரப்பு இறங்க இறங்கப் பள்ளம் தானாக மேலே வரும். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் மோதக் கூடாது என்பது இதில் முக்கியம்.

புதிதாகக் கை வைப்பவர் அதைத்தான் செய்வார். டாலியை நேர் பின்னால் வைத்து, நடுவில் தகரத்தைப் போட்டு அடிப்பார். பூரிக்கட்டை மாவைப் பரப்புவது போலத் தகரம் மெலிந்து பரவும். கூடிய பரப்புக்கு இடம் இல்லாததால் அந்த இடம் எண்ணெய் டின்னின் அடி மாதிரி டப் டப்பென்று உள்ளும் வெளியும் துள்ளும். அப்படித் துள்ள ஆரம்பித்துவிட்டால் இன்னும் அடித்துச் சரிபண்ண முடியாது. நாணய அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, மெதுவாகத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளச் சொந்த வண்டியின் பானட்டைப் பயன்படுத்தாதீர்கள். காயலான் கடையில் ஒரு பழைய மட்கார்டு வாங்கி அதில் பழகலாம். நான் பானட்டில்தான் பழகினேன். இன்றைக்கும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆணி அடிக்கும் சுத்தியல் இதற்கு ஆகாது. அதன் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு வடுவும் தகரத்தில் பிறை பிறையாகப் பதியும். டிங்கர் சுத்தியலின் முகத்தை எமரித் தாளால் வழவழப்பாகத் தேய்த்து வையுங்கள். டாலி கிடைக்காவிட்டால் தண்டவாளத் துண்டு போதும், எத்தனையோ பட்டறைகளில் அதுதான் ஓடுகிறது. மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட, பனியன் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நீளவாக்கில் தடவிப் பார்ப்பது துல்லியம். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நல்லது.

பட்டியும் தண்ணீரும்

தகரத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்தால் மிச்சம் இருப்பது 1, 2 மில்லிமீட்டர் மேடு பள்ளம்தான். 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் சுத்தியலுக்குத் திரும்பிப் போங்கள். பட்டியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு, அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சித்திரை வெயிலில் மூன்று நாலு நிமிஷத்தில் கட்டியாகிவிடுகிறதே என்று ஹார்டனரைக் குறைத்தால் உள்ளே முழுசாக இறுகாது. சீக்கிரம் முடியட்டும் என்று கூட்டினால் பெயின்டுக்கு மேல் கறை எழும்பும். வெயில் அதிகம் என்றால் ஒரு தடவைக்கு எலுமிச்சை அளவு மட்டும் குழையுங்கள். அட்டையில் வைத்துக் குழைப்பதும் தவறு, பட்டியில் இருக்கும் ரெசினை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடித் துண்டோ எவர்சில்வர் தட்டோ நல்லது. பளபளக்கும் பழைய பெயின்டின் மேல் பட்டி நிற்காது. 80 நம்பர் எமரித் தாளால் கீறிய தகரத்தின் மேலோ, எப்பாக்ஸி ப்ரைமரின் மேலோ இழுக்க வேண்டும்.

தேய்ப்பதற்குக் கட்டை வேண்டும். வெறும் விரலால் தாளைப் பிடித்தால் விரல் போன வழியெல்லாம் வாய்க்கால் விழும். 80, 180, 320 என்று படிப்படியாகப் போங்கள். 80-லிருந்து 400-க்குத் தாவினால் பழைய கீறல் பெயின்டுக்குள் புதைந்திருந்து, ஒரு மாதம் கழித்து எழுந்து வரும்.

எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது தண்ணீர் விஷயம். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதைக் காய்ந்தபடியேதான் தேய்க்க வேண்டும். ப்ரைமரை வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம், ஆனால் எந்தத் தண்ணீரால்? நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வாளியில் காய்ந்தால் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ப்ரைமர் மேலும் படியும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தைப் பெயின்டுக்குள்ளேயே இழுத்து, வியர்க்குரு மாதிரி கொப்புளம் போடும். நான் பெயின்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கழுவலையும் அதிலேயே செய்யுங்கள். வேர்த்த கையால் தகரத்தைத் தொடுவதும் இதே வகைத் தப்புதான்.

பெயின்டுக்கு முன்

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் மேலே அடிக்காதீர்கள். மறைவான இடத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிஷம் வையுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் என்.சி. பெயின்ட், சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். எனாமலின் மேல் என்.சி. அடித்தால் முழு வண்டியும் சுருங்கும்.

பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம், என்.சி. பெயின்ட் காயும்போது பால் தெளித்த மாதிரி வெளுக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிட்டுப் போகும். கயத்தாறில் காற்றாலை சுற்றும் மாதத்தில் திறந்தவெளியில் ஸ்ப்ரே கன் பிடிப்பதில் அர்த்தமில்லை. தை, மாசியில் பனி விலகின பிறகு, காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை நமக்கு நல்ல நேரம். கம்ப்ரெஸர் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹார்டனர் கலக்கும் டூகே பெயின்டை வீட்டில் அடிக்க நான் சொல்லமாட்டேன். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. அந்தக் கடைசி வேலையை மட்டும் பெயின்ட் பூத் வைத்திருக்கிறவரிடம் கொடுத்துவிடலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைத் தேய்க்கும்போதும் மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். கிரைண்டர் ஓட்டும்போது சேஸிஸ் நம்பர் வெட்டிய இடத்தைத் தொட்டுவிடாதீர்கள், அது அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்லி மாளாது. 2021-ல் வந்த விதித் திருத்தப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் தாண்டி, பெரிய மாறுதல் இல்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு உண்டு. என் வண்டிக்கு அது 2033-ல்தான்.

இடதுபக்கச் சில்லை முடித்துவிட்டேன், கதவு இரண்டும் ஒரே தள்ளில் மூடுகிறது. வலதுபக்கத்தைத் தை பிறந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். செய்தித்தாளை உருவிவிட்டு, அந்த ஓட்டையை அதுவரை திறந்தே விட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் “இதுல கொஞ்சம் பட்டி வச்சா என்ன?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.