புதுக் கோதுமை ரகம் நம் நிலத்துக்கு ஒத்துவருமா? பாத்தி போட்டுப் பார்க்கும் முறை

வயலின் ஒரு பக்கம் புது ரகம், மறுபக்கம் பழையது என்று விதைத்து மூட்டையை எண்ணினால், நிலத்தின் மேடுபள்ளத்தையும் ரகத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அதைத் தவிர்க்கும் வழி இது.

1. பாத்தி அமைப்பு
நான்கைந்து புது ரகங்கள் போதும். இப்போது பயிரிடும் ரகமும் கட்டாயம் இருக்கட்டும்; அதுதான் ஒப்பு ரகம். சரிவான நிலமென்றால் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்று தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் ஒருமுறை வரவேண்டும். எது எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பாத்தி 5 மீட்டர் நீளம், 20 செ.மீ. இடைவெளியில் 6 வரிசை. ஆக 6 சதுர மீட்டர்.

2. விதை அளவு
பலர் சறுக்குவது இங்கேதான். எல்லா ரகத்துக்கும் ஒரே எடையில் விதை போட்டால், பெருமணி ரகத்தில் செடி எண்ணிக்கை குறையும். பிறகு பழி ரகத்தின் மேல் விழும். எடையை விட்டு எண்ணிக்கையைப் பிடியுங்கள். சதுர மீட்டருக்கு 250 செடி வேண்டும், ஆயிரம் மணி எடை 40 கிராம், முளைப்புத்திறன் 90% என்றால்:

250 × 40 ÷ 1000 ÷ 0.9 = 11.1 கிராம்

பாத்திக்கு சுமார் 67 கிராம். மணி எடை 50 கிராம் என்றால் 83 ஆகிவிடும். வரிசைக்கொரு பொட்டலமாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே நாளில், 4–5 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள்.

3. குறிப்பெடுத்தல்
உரம், பாசனம் எல்லாப் பாத்திக்கும் ஒன்றுபோல. பாதிக் கதிர்கள் வெளிவந்த தேதி, உயரம், பயிர் சாய்ந்த அளவு ஆகியவற்றைப் பாத்திவாரியாக எழுதுங்கள். கண்ணாடி இலையை (கதிருக்குச் சற்றுக் கீழே கடைசியாக வரும் இலை) விரலால் தேய்த்துப் பாருங்கள்: மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பொடி ஒட்டினால் துரு நோய். ஒட்டாத மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. முதலில் முற்றும் ரகத்தைத்தான் பறவை முதலில் தேடிவரும். வலை இல்லாவிட்டால் அந்தக் கணக்கு வீண்.

4. அறுவடை
ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம். அவை பொய் சொல்லும். நடு 4 வரிசைகளை, இரு முனையிலும் அரை மீட்டர் விட்டு அறுங்கள்: 3.2 சதுர மீட்டர். எடையை 12% ஈரப்பதத்துக்கு மாற்றுங்கள். 15% ஈரத்தில் 1.6 கிலோ என்றால், 1.6 × 85 ÷ 88 = 1.545 கிலோ, ஹெக்டேருக்கு சுமார் 4.8 டன்.

ஒரே ரகத்தின் மூன்று பாத்திகளுக்குள்ளேயே அரை டன் வித்தியாசம் இருந்தால், ரகங்களுக்கிடையே 200 கிலோ முந்தியதைப் பொருட்படுத்தாதீர்கள். வறண்ட பருவத்தில் முந்திய ரகம் ஈரமான பருவத்தில் பின்தங்குவதுண்டு. அடுத்த பருவமும் அதே அளவில் விதையுங்கள், சீட்டை மட்டும் புதிதாகக் குலுக்கி.